ஜெராம் மாப்பிள்ளையும் என் வீட்டு நாயும்

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சிரித்து முடித்துவிட்டு மேலே படிக்கலாம்.

என் மனைவி எங்கள் வீட்டு நாய்க்கு, என்னைப் பார்ப்பதற்கு முன்னால் அவளைப் பெண் பார்க்க வந்தவனின் பெயரை வைத்துவிட்டாள் என்று நான் நம்பினேன்.

சந்தேகப்பட்டேன் என்று எழுதவில்லை, கவனியுங்கள். நம்பினேன். சந்தேகம் என்றால் இடையிடையே கொஞ்சம் தூக்கமாவது வரும். எனக்கு அதுவும் வரவில்லை.

வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. சர்க்கரைக்கு ஒரு மாத்திரை, ரத்தக் கொதிப்புக்கு ஒரு மாத்திரை, தலையில் மிச்சமிருக்கும் முடிக்குக் கொஞ்சம் சாயம். இந்த நிலைமையில் ஒருவனுக்குப் பொறாமை வரலாமா? வந்ததே! அதுவும் நாலு கால், ஒரு வால், ஈர மூக்கு என்ற உருவத்தில் வந்தது.

ஒரு சனிக்கிழமை மாலை. என் மனைவி வசந்தி தமிழ்ப்பள்ளி ஆசிரியை. பணி ஓய்வு பெறும் ஒரு டீச்சருக்கு விருந்து என்று மற்ற ஆசிரியைகளோடு எங்கோ சாப்பிடப் போயிருந்தாள். திரும்பி வந்தவள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பேச ஆரம்பித்துவிட்டாள். என்ன சாப்பிட்டார்கள், யார் அழுதார்கள், எங்கே போனார்கள், என்னென்ன நடந்தது...

நான் பந்து பார்த்துக்கொண்டிருந்தேன். டிவியில் பந்து ஓடும்போது என் வாய் தானாக "ம்... ம்..." என்று சொல்லிக்கொண்டிருக்கும். அந்த வாய்க்கும் என் காதுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது.

அவள் கையில் ஓர் அட்டைப் பெட்டி. பெட்டியின் மேல் பச்சை நிறத்தில் நைலான் கயிற்றுச் சுருள் படம். இவளுக்கு எதற்குக் கயிறு என்று யோசித்தேன். பெட்டி முனகியது.

உள்ளே ஒரு நாய்க்குட்டி. காப்பி நிறம். ஒரு காது நிமிர்ந்து நின்றது. இன்னொன்று மடிந்து கிடந்தது. ஒரு பக்கம் மட்டும் லைன் கிடைத்த மாதிரி.

நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்.

"யாரு அள்ளுறது?"

"நீங்கதான்," என்றாள்.

விவாதம் முடிந்தது. பந்தில் எதிரணி கோல் போட்டது.

*

மறுநாள் பெயர் வைக்கும் கூட்டம். சைபர்ஜெயாவில் படிக்கிற எங்கள் மகள் யாழினி, கைப்பேசித் திரையில் தலைமை தாங்கினாள்.

"அப்பா, ப்ளீஸ், டைகர் ஜிம்மி எல்லாம் வேணாம். இப்பல்லாம் சொந்த ஊரு பேருதான் வைக்கிறாங்க. என் ஃபிரெண்டு பினாங்கு. அவ நாய் பேரு ஆயர் ஈத்தாம். சோ கியூட்லா!"

எனக்கு உள்ளே ஒரு பல்பு எரிந்தது. சொந்த ஊர்ப் பெயரா? நான் பிறந்தது ஈஜோக் பக்கத்துத் தோட்டத்து லயத்தில். செம்பனைக்கு நடுவே, மாட்டுக்கும் லோரிக்கும் ஒரே சடக்குப் பாதை. உலக வரைபடத்தில் யாரும் தேடிப் பார்க்காத ஊருக்கு ஒரு நாயாவது பெருமை சேர்க்கட்டுமே!

"ஈஜோக்!" என்றேன் கம்பீரமாக.

வசந்தி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "எங்கம்மா இங்க வந்து தங்கும்போது என்னா பண்றது? 'ஈஜோக் சாப்பிட்டாச்சா'ன்னு கேட்டா நான் யாருக்குச் சோறு போடுறது?"

விஷயம் தெரியாதவர்களுக்காக ஒரு விளக்கம். எங்கள் பக்கத்துக் குடும்பங்களில் உறவுக்காரர்களுக்குப் பெயர் கிடையாது, ஊர்தான் உண்டு. கிள்ளான் மாமா, ஈப்போ சித்தி, பந்திங் பெரியப்பா. என் கல்யாணப் பத்திரிகை அடிக்கக் கொடுத்தபோதுதான் கிள்ளான் மாமாவுக்கு முனியாண்டி என்று ஒரு பெயர் இருக்கிற செய்தியே எனக்குத் தெரிந்தது. அவரே கொஞ்சம் யோசித்துத்தான் சொன்னார்.

அந்த வழக்கப்படி ராசா என்கிற ஊரில் இருக்கிற என் மாமியார் வீட்டில் நான் 'ஈஜோக் மாப்பிள்ளை'. சுருக்கமாக, ஈஜோக். ஈஜோக்கை விட்டு வந்து, கோலசிலாங்கூரில் வீடு வாங்கி, பிள்ளை பெற்று, பிள்ளை காலேஜுக்கும் போய்விட்டாள். நான் இன்னும் ஈஜோக்.

"சரி, உன் ஊரு பேரையே வைப்போம். ராசா," என்றேன். பெருந்தன்மை.

"அண்ணனுக்குத் தெரிஞ்சா வீட்டுக்கே வர மாட்டாரு."

அது எனக்கு ஒரு நல்ல காரணமாகவே பட்டது. ஆனால் சொல்லவில்லை.

"தஞ்சோங் காராங்? சுருக்கமா தஞ்சோங்."

"பக்கத்து வீட்டு பாக்சிக் எந்த ஊரு?"

தஞ்சோங் காராங்தான். நெல் வயல் வைத்திருந்த மலாய்க்காரர். நோன்புப் பெருநாளுக்கு எங்களுக்கு மூங்கிலில் சுட்ட லெமாங் சோறு கொடுத்துவிடுகிற நல்ல மனிதர். அவர் காதுபட நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, "தஞ்சோங், மண்ணைத் தோண்டாதே! தஞ்சோங், காலைத் தூக்காதே!" என்று கத்தினால் நன்றாகவா இருக்கும்?

அப்போதுதான் அது நடந்தது.

வசந்தி தரையில் உட்கார்ந்தாள். குட்டியின் மடிந்த காதை விரலால் நீவினாள். யோசிக்கவே இல்லை. குரலைத் தாழ்த்தி, இனிக்க இனிக்கச் சொன்னாள்:

"ஜெராம்."

குட்டி துள்ளி எழுந்து, வாலை ஆட்டிக்கொண்டு அவள் மடியில் ஏறியது. பிறந்ததிலிருந்து அந்தப் பெயருக்காகவே காத்திருந்த மாதிரி!

"நைஸ்லா அம்மா! ஷார்ட் அண்ட் ஸ்வீட்!" என்றது திரை.

எனக்கு மட்டும் காது அடைத்துவிட்டது.

*

ஜெராம், கோலசிலாங்கூரிலிருந்து கிள்ளான் போகிற சடக்கில் இருக்கும் கடலோர ஊர். மீன், நண்டு, சிப்பி. அவள் ஊரா? இல்லை. என் ஊரா? இல்லை. சொந்தமா, பந்தமா? ஒரு சுண்டைக்காய் கிடையாது.

ஒரே ஓர் ஆளைத் தவிர.

ஜெராம் மாப்பிள்ளை.

எனக்கு முன்னால் வசந்தியைப் பெண் பார்க்க வந்தவன். கிட்டத்தட்ட முடிவாகி, ஏதோ ஜாதகம் இடித்து, நின்றுபோன இடம். அந்த வீட்டில் அவனுக்கும் பெயர் கிடையாது. ஊர்தான். ஆனால் புகழ் இருக்கிறதே... அப்பப்பா!

பெண் பார்க்க வருகிறவர்கள் பூ, பழம், இனிப்பு கொண்டு வருவார்கள். உலக நடைமுறை. அவன் நண்டு கொண்டு வந்தான். ஒரு கூடை. உயிரோடு.

அந்தக் கூடையிலிருந்த ஒரு நண்டு தப்பித்து, சாமி மேடைக்கு அடியில் போய் ஒளிந்ததும், என் மச்சான் அதை விளக்குமாற்றால் விரட்டியதும் அந்தக் குடும்பத்தின் வரலாறு. தீபாவளிக்குத் தீபாவளி சொல்வார்கள். சொல்லும்போதெல்லாம் நண்டு வளரும். நான் கல்யாணம் செய்த வருஷம் உள்ளங்கை அளவு இருந்த நண்டு, இப்போது சாப்பாட்டுத் தட்டைத் தாண்டிவிட்டது.

"ஜெராம் மாப்பிள்ளை கொண்டாந்த நண்டு மாதிரி அதுக்கப்புறம் சாப்பிடவே இல்ல," என்பார் மாமியார், நான் வாங்கிப் போன நண்டுக் குழம்பைச் சாப்பிட்டுக்கொண்டே.

நான் பெண் பார்க்கப் போனபோது கொண்டு போனது ஆப்பிள். அதைப் பற்றி இன்றுவரை யாரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆப்பிள் ஓடி ஒளியவில்லை. அது என் தப்பா?

இப்போது யோசித்துப் பாருங்கள். அந்த வீட்டுக் கணக்கில் ஈஜோக் என்றால் நான். ஜெராம் என்றால் அவன். என் மனைவி என் வீட்டு ஹாலில், என் நாற்காலிக்குப் பக்கத்தில், 'ஜெராம்' என்று கொஞ்சிக் கூப்பிடுகிறாள்!

ஏன் அந்தப் பெயர் என்று ஒரு வார்த்தை அவளிடமே கேட்டிருக்கலாம். பத்து விநாடி வேலை. ஆனால் கேட்டால் பதில் சொல்லிவிடுவாளே?

*

அடுத்து வந்த நாட்கள் எப்படிப் போயின என்கிறீர்கள்?

காலையில் எனக்கு இரண்டு துண்டு ரொட்டி, சீனியில்லாத காப்பி. நாய்க்கு வேகவைத்த கோழி ஈரல். "ஜெராம் கண்ணு, சூடா இருக்கு, ஊதித் தர்றேன் இரு." எனக்கு யாரும் ஊதித் தந்ததில்லை.

"ஜெராம் எவ்ளோ அமைதியா தூங்குது பாருங்க. கொறட்டையே இல்ல."

அம்பு எனக்குத்தான். குறி தப்பாமல் விழுந்தது.

"ஜெராமுக்கு என்னா முடி! பட்டு மாதிரி!"

என் கை தானாகத் தலைக்குப் போனது.

"நான் உள்ளே வந்தா ஜெராம் ஒடனே எந்திரிச்சு வருது. சிலரு டிவியிலேர்ந்து கண்ணைக்கூட எடுக்கறதில்ல."

அந்தச் 'சிலரு' நான்தான் என்பதை எந்த நீதிமன்றத்திலும் நிரூபிக்கலாம்.

இதையெல்லாம் சிரிப்பாகத்தான் எழுதுகிறேன். ஆனால் ஓர் இடத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

கல்யாணமான நாளிலிருந்து வசந்தி என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எங்கள் வயதுக்காரிகள் பலர் அப்படித்தான். 'என்னாங்க', 'இந்தாங்க', 'ஒங்களத்தான்'. ஈஜோக் என்றுகூட அவள் சொன்னதில்லை. அது மாமியார் வீட்டு உரிமை. மகள் படிக்கப் போன பிறகு வீட்டில் இரண்டே பேர். பெயரே சொல்லாமல் ஒரு நாள் முழுக்கப் பேசிவிடலாம். பல நாள், பேசாமலேயேகூட ஓட்டிவிடலாம். அது எனக்கு ஒரு குறையாகப் பட்டதே இல்லை...

இப்போது காலையிலிருந்து படுக்கப் போகிறவரை வீட்டில் ஒரு பெயர் ஒலித்துக்கொண்டே இருக்கிறது. ஜெராம், வா. ஜெராம், சாப்பிட்டியா. ஜெராம், எங்க போன நீ, தேடுனேனே.

அவள் குரலில் ஒரு பெயர் இவ்வளவு நன்றாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அது என் பெயராக இல்லாததுதான் வயிற்றெரிச்சல்.

எதிர்த் தாக்குதல் தொடங்கினேன். அவள் பள்ளிக்குப் போனதும் ஒரு பாக்கெட் பிஸ்கட்டோடு நாய் முன்னால் உட்கார்ந்தேன்.

"இன்னையிலேர்ந்து உன் பேரு டைகர். என்னா பேரு? டைகர்."

பிஸ்கட்டை நீட்டினேன். சாப்பிட்டது. "டைகர்!" சாப்பிட்டது. "டைகர்... டைகர்... டைகர்..." பாக்கெட் காலி. பத்தடி தள்ளிப் போய் நின்று, "டைகர்!" என்று கூப்பிட்டேன்.

அது நிதானமாக என் முகத்தைப் பார்த்தது. பிறகு காலி பாக்கெட்டைப் பார்த்தது. பிறகு என் நாற்காலியில் ஏறிப் படுத்தது.

கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு, "ஜெராம்," என்றேன். ஓடி வந்து கையை நக்கியது. என் வாயாலேயே அவனைக் கூப்பிட வைத்துவிட்டதே, படுபாவி நாய்!

*

துப்பறிய ராசாவுக்குப் போன் போட்டேன். மச்சான் எடுத்தார்.

"மச்சான், சும்மா ஒரு விஷயம்... அந்த ஜெராம் ஆளு இருக்காரே, பொண்ணு பார்க்க வந்தாரே, அவரு பேரு என்னா?"

"யாரு, ஜெராம் மாப்பிள்ளையா?"

"ஆமா. பேரு?"

"ஜெராம் மாப்பிள்ளைதான்லா. பேரெல்லாம் யாருக்குத் தெரியும்? நண்டு ஒன்னொன்னும் எப்படி இருந்துச்சு தெரியுமா ஈஜோக்?"

"தெரியும் மச்சான். தட்டு அளவு."

"தட்டா? தாம்பாளம்!"

வளர்ந்துவிட்டது.

"இப்ப எங்க இருக்காராம்?"

"ஜெராம்லதான். மீன் பசார் பக்கத்துல கயிறு, வலை எல்லாம் விக்கிற கடை வச்சிருக்கறதா கேள்வி. ஏன், எதுக்கு கேக்குற?"

"ஒரு நைலான் கயிறு வாங்கணும்," என்றேன்.

போனை வைத்த பிறகுதான் உறைத்தது. கயிறு! பெட்டி! நைலான் கயிற்றுச் சுருள் படம் போட்ட அந்த அட்டைப் பெட்டி!

ஸ்டோர் ரூமுக்கு ஓடினேன். பெட்டி அங்கேதான் இருந்தது. வசந்தி அதில் பழைய பள்ளிப் புத்தகங்களைப் பத்திரப்படுத்தியிருந்தாள். பத்திரப்படுத்தியிருந்தாள்! ஒரு சாதாரண அட்டைப் பெட்டியை எதற்காகப் பத்திரப்படுத்த வேண்டும்?

ஆஸ்பத்திரியில் ரத்தக் கொதிப்பு பார்க்கிற நர்ஸ் அந்த நேரத்தில் என் கையைப் பிடித்திருந்தால் மெஷின் வெடித்திருக்கும்.

*

ஞாயிற்றுக்கிழமை காலை. "நாயைக் கடக்கரை பக்கம் கூட்டிட்டுப் போறேன். காத்து வாங்கட்டும்," என்றேன்.

வசந்தியின் முகம் மலர்ந்தது. "அட! நீங்களா? எந்தப் பக்கம்?"

"சும்மா... அந்தப் பக்கம்."

நாயை ஏன் கூட்டிப் போனேன்? ஒரு சின்னத் திட்டம். கேவலமான திட்டம் என்று நீங்களே சொல்வீர்கள், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். ஜெராம் ஊரில், ஜெராம் மாப்பிள்ளை கடையில், அவன் முகத்துக்கு நேராக நின்று, நாயைப் பார்த்து "ஜெராம், உக்காரு!" என்று ஒரு தடவை அதட்ட வேண்டும். அவ்வளவுதான். அது போதும் எனக்கு.

காடியை ஓட்டிக்கொண்டே வழி முழுக்க ஒத்திகை பார்த்தேன். செம்பனை லோரி ஒன்று முன்னால் ஆடி ஆடிப் போனது. பின் சீட்டில் நாய் ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றது. ஜெராம் நெருங்க நெருங்க அது ஒரு மாதிரி பரபரத்தது. முனகியது. காடிக்குள் அங்கேயும் இங்கேயும் ஓடியது.

பார்த்தாயா, உனக்கே தெரிகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கடையைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. வாசலெல்லாம் வலை, மிதவை, கயிறு. நாயைக் கையில் பிடித்துக்கொண்டு நுழைந்தேன். உள்ளே, சுவரோரமாக... பச்சை நிறத்தில் நைலான் கயிற்றுச் சுருள் படம் போட்ட அட்டைப் பெட்டிகள். அடுக்கு அடுக்காக.

ஆக, வசந்தி இங்கே வந்திருக்கிறாள். இந்தக் கடைக்குள். விருந்து என்று சொல்லிவிட்டு!

"வாங்க, வாங்க. என்னா வேணும்?"

கல்லாவுக்குப் பின்னாலிருந்து ஒருவர் எழுந்தார். நான் இவ்வளவு நாளாக மனசுக்குள் வளர்த்து வைத்திருந்த ஆள் ஆறடி. சுருள் முடி. சிரித்தால் கன்னத்தில் குழி. வந்தவருக்கு என் உயரம்கூட இல்லை. தலை சுத்தமாக வழுக்கை. மூக்கு நுனியில் கண்ணாடி. சட்டையின் கடைசிப் பொத்தான் வயிற்றோடு போராடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் அவருடைய மனைவி மிளகாய் வற்றலுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார்.

"கயிறு," என்றேன்.

"எத்தனை அடி?"

எதற்கென்றே தெரியாத கயிற்றுக்கு அடி என்ன சொல்வது? "நீளமா," என்றேன்.

அவர் அளக்க ஆரம்பித்தார். நான் பேச்சைத் தொடங்கினேன். "நம்ம மாமியார் வீடு ராசா. அங்க ஒரு கத சொல்வாங்க. ஜெராம்லேர்ந்து ஒருத்தரு நண்டோட பொண்ணு பார்க்க வந்தாராம்..."

மனிதர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "நாந்தான்! எங்கம்மாவோட வேல அது. எந்தப் பொண்ணு வீட்டுக்குப் போனாலும் ஒரு கூடை நண்டு. கெர்லிங் போனோம், பத்தாங் காலி போனோம், ரவாங்ல ரெண்டு வீடு... எங்கப்பா சொல்வாரு, பொண்ணு கெடைக்கிறதுக்குள்ள கடல்ல நண்டு தீந்துரும்னு!"

"ராசா?"

"ராசாவா..." கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். யோசித்தார். மனைவி பக்கம் திரும்பினார். "ஏம்மா, ராசாவுல பார்த்தேனா?"

"என்னையக் கேட்டா? நீங்க பொண்ணு பார்க்காத ஊரு எது?" என்றார் அந்த அம்மாள், காம்பைக் கிள்ளிக்கொண்டே.

"பார்த்திருப்பேன். ஞாபகம் இல்லீங்க."

ஞாபகம் இல்லையா?

நண்பர்களே, அந்த விநாடியில் எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்தது என்ன தெரியுமா? கோபம்! என் வசந்தியை ஒருவன் நேரில் பார்த்துவிட்டு மறந்துவிடுவானா? அவள் காப்பித் தட்டோடு வந்து நின்றதை நான் இன்னும் மறக்கவில்லை. என்ன சேலை, எந்தப் பக்கம் பூ, எதற்குச் சிரிப்பை அடக்கினாள், எல்லாம் தெரியும். இந்த ஆளுக்கு ஊரே ஞாபகமில்லை! இத்தனை வருஷம் நான் பொறாமைப்பட்டதற்கு ஒரு மரியாதை வேண்டாமா?

ஆத்திரத்தில் ஒத்திகை பார்த்த வசனம் தானாக வந்துவிட்டது. கயிற்றை முறுக்கிப் பிடித்துக்கொண்டு கடை அதிரக் கத்தினேன்.

"ஜெராம்! உக்காரு!"

நாய் உட்காரவில்லை. அவர் குனிந்து அதைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"ஜெராம்னா பேரு வச்சிருக்கீங்க? நல்ல பேரு. பொருத்தமான பேரு!"

பொருத்தமா? இவனுக்கு எப்படித் தெரியும் பொருத்தம்?

கேட்பதற்கு முன்னால் நாய் என் கையை உதறிக்கொண்டு பாய்ந்தது. கடைக்குப் பக்கத்தில் ஒரு கடலுணவுக் கடை. அதன் பின்புறம், ஐஸ் பெட்டி நிழலில், காப்பி நிறத்தில் ஒரு பெரிய நாய் படுத்திருந்தது. ஒரு காது நிமிர்ந்து... இன்னொன்று மடிந்து.

குட்டி போய் அதன் வயிற்றில் முகத்தைப் புதைத்தது. பெரிய நாய் தலையைத் தூக்கி முகர்ந்து பார்த்துவிட்டு, நக்க ஆரம்பித்தது.

"இங்கப் பொறந்ததுதானே," என்றார் அவர், எனக்குப் பின்னால் வந்து நின்று. "நாலு குட்டி. அன்னைக்கு டீச்சருங்க கூட்டமா சாப்பிட வந்தாங்க. ஒரு டீச்சரு கடைசிக் குட்டிய விட்டு நகரவே இல்ல. தூக்கிட்டுப் போறேன்னாங்க. நாந்தான் பொட்டி குடுத்தேன்."

"அந்த டீச்சரு... ஒங்ககிட்ட எதாச்சும் பேசுனாங்களா?"

"பேசுனாங்களே."

"என்னான்னு?"

"பொட்டி இருக்கான்னு."

"அப்புறம்?"

"அப்புறம் என்னா? ஓட்டையில்லாத பொட்டியா குடுங்கன்னாங்க."

அந்த டீச்சர்தான் நீங்கள் நண்டுக் கூடையோடு பார்த்துவிட்டுப் போன ராசாப் பெண் என்று சொல்ல வாய் துடித்தது. கஷ்டப்பட்டு மூடிக்கொண்டேன். சொல்லி, ஒருவேளை இப்போது ஞாபகம் வந்துவிட்டால்?

குட்டியை அம்மாவிடமிருந்து பிரித்துத் தூக்குவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. அது திரும்பித் திரும்பிப் பார்த்தது. முதல் தடவையாக அதன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. தூக்கிக்கொண்டு காடிக்கு நடக்கும்போது, "இன்னொரு நாளு கூட்டிட்டு வர்றேன்டா, ஜெராம்," என்றேன். பல்லைக் கடிக்காமல்.

*

வீட்டுக்குத் திரும்பும்போது என்னிடம் இரண்டு சாமான்கள் இருந்தன. எதற்கும் உதவாத நீளமான கயிறு ஒன்று. ஒரு பை நண்டு.

வசந்தி பையைத் திறந்து பார்த்தாள். "நண்டா? எங்க வாங்குனீங்க?"

"ஜெராம்ல. இதோட அம்மாவப் பார்த்துட்டு வந்தோம்."

"பார்த்தீங்களா! அந்தக் காது அப்படியே அம்மா காதுல்ல?" என்றாள். பிறகு கயிற்றைப் பார்த்தாள். "இது எதுக்கு?"

"சும்மா. அந்தக் கயித்துக் கடையில... பொட்டி குடுத்தாராமே ஒருத்தரு?"

"ஆமா. மொட்டைத் தலை அங்கிள் ஒருத்தரு. நல்ல மனுஷன்."

அங்கிள்!

அந்த ஒரு வார்த்தையை நான் அன்று முழுக்க நாக்கில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தேன். நண்டைவிட ருசி. அவர் யார் என்று அவளிடம் நான் சொல்லவில்லை. பத்திரிகையில் நான் எழுதுகிற இந்தப் பத்தியை அவள் படிப்பதில்லை. படிக்கிறவர்கள் யாரும் போய்ச் சொல்லித் தொலைக்காதீர்கள்.

"முடிவு பண்ணிட்டுத்தான் அன்னைக்குப் பேரு வைக்கிற கூட்டம் போட்டியா?" என்று மட்டும் கேட்டேன்.

"காடியில வரும்போதே ஜெராம் ஜெராம்னு கூப்பிட்டுக்கிட்டுத்தான் வந்தேன். நீங்க ரெண்டு பேரும் ஆசையா பேரு சொல்றீங்களேன்னு விட்டேன். சொந்த ஊரு பேருன்னா அதோட சொந்த ஊருதானே? நம்ம ஊரு பேரை வச்சா நமக்குப் பெரும. அதுக்கு என்னா?"

யோசித்துப் பார்த்தேன். ஈஜோக்குக்கு யார் பெருமை சேர்ப்பது, ராசாவுக்கு யார் கோபித்துக்கொள்வது, தஞ்சோங் காராங் மனம் புண்படுமா என்று மாநாடு போட்டோம். மேசைக்கு அடியில் படுத்திருந்ததற்கும் ஓர் ஊர் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"இத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?"

அவள் நண்டை அலசுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். கோபமில்லை. ரொம்ப நாள் பழகிய பார்வை.

ஆக, நடந்தது இவ்வளவுதான். ஜெராமில் ஒரு கடலுணவுக் கடைக்குப் பின்னால் ஒரு நாய் குட்டி போட்டது. அதில் ஒன்றை ஓர் ஆசிரியை எடுத்துக்கொண்டு வந்து, அது பிறந்த ஊரின் பெயரை அதற்கு வைத்தாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அதை எல்லாம் கணவனிடம் சொன்னாள். அவன் பந்து பார்த்துக்கொண்டிருந்தான்.